இருபத்தொரு நாள் கட்டு

1

வெளிநாட்டு வாழ்க்கை பற்றி நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று போதகரம்மா மூன்று முறை போன் செய்தார். நம் பெண்கள் சங்கப் பத்திரிகைக்கு. பாலைவனம், ஒட்டகம், ஆண்டவர் நடத்தின வழி எல்லாம் அதில் வர வேண்டுமாம்.

பதினேழு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். ஒட்டகத்தைச் சோற்றுத் தட்டில்தான் பார்த்திருக்கிறேன். பாலைவனத்தை விமானத்துச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஆண்டவர் நடத்தின வழியை எழுதப் படித்தவர்கள் உண்டு. நான் ஏழாம் வகுப்பு. அதனால் என் இடது தோளைப் பற்றி எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் போட வேண்டாம்.

லீவு முடிந்து இங்கே திரும்பி வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம். இன்று காலையில் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட்டேன். ஒன்றரை வருஷமாக முடியாமல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. நான் பார்த்துக்கொள்ளும் கிழவியிடம் சொன்னேன். அவள் துப்பினாள்.

2

கிழவிக்கு ஓர்மை, அதாவது ஞாபகம், போய்விட்டது. கால் கொஞ்சம் ஊன்றும், அவ்வளவுதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளிமுறிக்கு, திரும்பவும் கட்டிலுக்கு. ஒரு நாளில் எட்டு முறை, பத்து முறை தூக்க வேண்டும். நல்ல கனம். அவளுடைய மகள்தான் வீட்டுக்காரி. அவளுக்கு வேலை உண்டு, கார் உண்டு, அம்மாவைத் தூக்க நான் உண்டு.

தோள் நோவு எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. துணி காயப் போடும்போது ஒரு சுருக். பிறகு பின்னால் ஊக்கு மாட்டும்போது. பிறகு அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் போனது. கையை அசைக்காமல் வைத்திருந்தால் நோவு இல்லை. அதனால் அசைக்கவில்லை. வலது கையால் எல்லாம் செய்தேன். இப்படி நாலு மாதம். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும் என்று நினைத்தேன். அசைக்காமல் வைத்ததுதான் முதல் தப்பு. இதை எழுதும்போதுதான் அது தப்பு. அப்போது அது சாமர்த்தியம்.

ஒரு நாள் சாயாத் தட்டு சாய்ந்தது. நாலு கண்ணாடி டம்ளர் போயிற்று. வீட்டுக்காரி வந்து பார்த்தாள். எனக்குத் தெரிந்த அரபி அடுக்களை அரபி. தோளைத் தட்டிக் காட்டி, "ஹாதா கர்பான்" என்றேன். பிரிட்ஜ் கெட்டால், வாஷிங் மெஷின் நின்றால் சொல்லுகிற சொல் அது. வேறு சொல் எனக்குத் தெரியாது. அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். கெட்டதைச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும்.

அவள் தன் போனில் அரபியில் பேசினாள். போன் அதைத் தமிழில் சொன்னது. "இரண்டு மாதம் விடுமுறை. உங்கள் கை வேலை செய்தால் வாருங்கள். இல்லாவிட்டால் நன்றி."

போனுக்கு மரியாதை உண்டு.

வாசிக்கிறவர்கள் நினைப்பீர்கள், போகட்டும், பதினேழு வருஷம் போதாதா, ஊரில் வந்து இருக்கலாமே என்று. எங்கே இருப்பது? என்னைக் கட்டினவன் ஒற்றசேகரமங்கலத்துக்காரன். மலைப்பக்கம் ரப்பர் வெட்டப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அந்தக் கதை இங்கே வேண்டாம். ஊரில் எனக்கு உள்ளது உதியன்குளங்கரையில் அண்ணன் வீட்டில் ஓர் அறை. அதில் அண்ணன் பெண்டாட்டி, என் மயினியின் தையல் மெஷினும் தேங்காய்ச் சாக்கும் இருக்கும். யாரும் எப்போதும் வரலாம். குவைத்திலும் எனக்கு உள்ளது ஓர் அறைதான். ஆனால் அதற்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டு. நான் இழக்கப் பயந்தது அந்த அறையை. வேறொன்றும் இல்லை.

3

அண்ணன் தாசையன் ஆசான், அதாவது கட்டுப்போடும் நாட்டு வைத்தியர். உங்களில் பலருக்குத் தெரியும். வீட்டு முன்னறைதான் சிகிச்சை அறை. ரோட்டோரம் மலையாளத்திலும் தமிழிலும் போர்டு. கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் வருவார்கள். தென்னையிலிருந்து விழுந்தவன், பைக்கில் விழுந்தவன், பந்து விளையாடி முட்டு திரும்பினவன். ஒடிந்த எலும்புக்கு அண்ணன் போடுகிற கட்டு நல்ல கட்டு. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

நான் பெட்டியை வைத்ததும் என்னை பெஞ்சில் உட்கார வைத்தார்.

"எங்கயாவது விழுந்தியா?"

"இல்ல."

"ஆராவது அடிச்சதுண்டா?"

"கிழவி அடிப்பா. டிவி ரிமோட்ட வச்சு."

"எங்க?"

தோளின் முன்பக்கம் தொட்டுக் காட்டினேன். அண்ணன் திரும்பி மயினியைப் பார்த்தார்.

"கண்டியா? போன்ல கேட்டப்பவே நான் சொன்னேன். இது வர்மமாக்கும்."

"நோவு அதுக்கு முன்னயே உண்டு அண்ணா. அடிச்சது பின்ன."

"நீ மிண்டாத இரி. உனக்கு ஓர்மை காணாது."

எங்கள் பக்கத்தில் கை கால் எது பிடித்தாலும் வர்மம்தான். உடம்பில் இன்ன இன்ன இடத்தில் அடி பட்டால் இன்ன இன்ன கெடுதல் வரும் என்று ஆசான்மார் கணக்கு வைத்திருக்கிறார்கள். அடி பட்ட இடம் கிடைத்தால் போதும், நோய் கிடைத்த மாதிரி. அடி படாதவன் யார்? கேட்டால் எல்லோருக்கும் ஓர் அடி ஓர்மை வரும். மாடு முட்டியது, பஸ் கம்பி இடித்தது, கிழவி ரிமோட்டால் அடித்தாள். என் தோளுக்கும் கிழவிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்த நோவு சும்மா இருக்கும்போதே வரும், காரணம் இல்லாமலும் வரும் என்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அந்த பெஞ்சில் அதைச் சொல்லியிருந்தாலும் யார் கேட்பார்கள்? நானே நம்பியிருக்க மாட்டேன்.

உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பச்சிலையும் சேர்த்து அரைத்துத் தோளில் பூசினார். கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துத் துணியால் சுற்றிக் கட்டினார். ஏழு நாளைக்கு ஒரு முறை மாற்றிக் கட்டுவது. மொத்தம் இருபத்தொரு நாள்.

"அனக்கப்பிடாது, கேட்டியா மக்கா? சுண்டு விரலு கூட."

சரி, அசைக்கவில்லை என்றேன். என் மகள் பிரின்சிக்கு ஐந்து வயதில் நான் குவைத்துக்குப் போனேன். அன்று முதல் அவளுக்குச் சோறு போட்ட வீடு அது. அந்த வீட்டு ஆசானின் கை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இது இரண்டாவது தப்பு. இதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை.

4

ஒடியாத கையைக் கட்டி வைத்துக்கொண்டு இருபத்தொரு நாள் ஒரு வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். மயினி கனகபாய் நல்ல வேலைக்காரி. சும்மா இருக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது.

"வெங்காயம் உரிக்க ஒத்தக் கை காணாது. நீ போய் உக்காந்து பைபிள் வாசி."

வாசித்தால் அதுவும் குற்றம். "குவைத்துல இப்பிடித்தான் உக்காந்து பழக்கம் போல."

சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவாள். "எனக்க நாத்தூனாக்கும். அனுப்பினது ரெண்டு கையோட. வந்தது ஒண்ணோட." அவர்கள் சிரிப்பார்கள். முட்டில் கட்டோடு வந்தவன் கூடச் சிரித்தான்.

பிரின்சி திருவனந்தபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். சனிக்கிழமை வருவாள். மயினியை அம்மா என்று கூப்பிடுவாள், என்னை மம்மி என்று. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் சரிப்படாது என்று சின்ன வயதில் அவளே கண்டுபிடித்தது. பேசுவது மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ். தமிழ் கேட்டால் புரியும். வாசிக்க வராது.

முதல் சனிக்கிழமையே என் கட்டைப் பார்த்துவிட்டுப் போனில் எதையோ தேடினாள். அறைக்குள் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மம்மி, இது ஃப்ரோசன் ஷோல்டர் ஆணு. கெட்டி வைக்கான் பாடில்ல. அனக்கணும்."

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச?"

"படிக்கண்ட, வாயிச்சா மதி."

"வாசிச்சாப் போதும்னா மாமனுக்கு முன்னால போய்ச் சொல்லு பாப்போம்."

அவள் சொல்லவில்லை. அவளுக்கும் அது சோறு போட்ட வீடு. போனைப் பையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். கட்டி வைக்கக் கூடாது, அசைக்க வேண்டும் என்று அவள் சொன்னது சரி. அதை அவளிடம் நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே எழுதுவதில் ஆபத்தில்லை. அவளுக்கு இந்தப் பத்திரிகை வாசிக்கத் தெரியாது.

இருபத்திரண்டாம் நாள் காலையில் அண்ணன் கட்டை அவிழ்த்தார். கை அவிழவில்லை. மடங்கின மாதிரியே நெஞ்சோடு நின்றது. முழங்கையை நீட்ட முடிந்தது. தோள் அசையவில்லை. பக்கவாட்டில் ஒரு சாண் போகும், அதற்கு மேல் போக முதுகும் கழுத்தும் சேர்ந்து எழும்பும். கட்டுவதற்கு முன் அந்தக் கையால் நெற்றியைத் தொடுவேன். இப்போது வாயைத் தொட முடியவில்லை.

அண்ணன் முகம் மாறியது. ஆனால் சொன்னது வேறு.

"அகத்த பிடிச்சிருக்கு. சாரமில்ல, சின்னக் காரியம். நாளைக்கு இழுத்து எடுக்கேன். கக்கத்தில காலு வச்சு ஒரு இழு. ஒரு சத்தம் கேக்கும். பின்ன நீ பறக்கலாம்."

"வேண்டாம் அண்ணா."

"எந்தா?"

"இழுக்க வேண்டாம்."

"எனக்க கை உனக்கு வேண்டாமோ? எத்தன பேரு காரு பிடிச்சு வாறான் இந்தக் கைக்கு!"

"இருபத்தொரு நாளு அண்ணனுக்க கையத்தான் பாத்தேன். எனக்க கைய காணல."

முன்னறையில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் இருந்ததுதான் பெரிய குற்றம். அண்ணன் எழுந்து துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தார். மயினி வாசலில் நின்று, "தின்ன சோறு செமிக்கண்டாமா இவளுக்கு?" என்றாள். அண்ணன் அன்று முதல் என்னிடம் பேசவில்லை. இன்றுவரை இல்லை.

லீவில் மிச்சம் ஐந்து வாரம்.

5

திங்கட்கிழமை பிரின்சி லீவு போட்டு ஸ்கூட்டரில் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று வழியில் ஒரு முறை கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர் முழங்கையை இடுப்போடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். நான் திருப்பினாலும் போகவில்லை, அவர் திருப்பினாலும் போகவில்லை. சதையில் கோளாறு என்றால் அடுத்தவர் பிடித்துத் திருப்பும்போது பெரும்பாலும் போகும், இது மூட்டுக்குள்ளேயே இறுகியது என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றது.

"இது எத்தன நாளா உண்டு?"

"தெரியாது."

"சர்க்கர உள்ளவங்களுக்கு இந்தத் தோள்நோவு கூடுதல் வரும். விட்டுப்போகவும் நாளாவும்."

சர்க்கரைக்கு மாத்திரை. அது கொஞ்சம் இறங்கின பிறகு மூட்டுக்குள் ஓர் ஊசி. ஊசி போட்டால் சர்க்கரை சில நாள் ஏறும், பயப்பட வேண்டாம் என்று முன்னமே சொன்னார்கள். ஊசி கையைத் திறக்கவில்லை. நோவைக் குறைத்தது. நோவு குறைந்ததால் பயிற்சி செய்ய முடிந்தது.

பயிற்சி தந்தது ஷைனி என்ற பிசியோதெரபிப் பெண். பிரின்சியை விட நாலைந்து வயது மூத்தவள். ஒல்லி.

"ஆன்ட்டி, தோளு ஒரு பந்தும் குழியும். சுத்தி ஒரு பை உண்டு. நல்ல பை தொளதொளண்ணு கிடக்கும், கை தூக்கினா விரியும். உங்களுக்க பை தடிச்சுச் சுருங்கிப்போச்சு. புதுச் சுடிதார வெந்நியில முக்கினா கக்கத்தில பிடிக்குமில்லியா, அது போல."

"எத்தன நாளு?"

"முதல்ல நோவு காலம். பின்ன இறுக்கம். பின்ன அது தானா விடத் தொடங்கும். எல்லாம் சேத்து ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு, அதுக்கும் மேல. கொஞ்சம் பிடிப்பு மிச்சம் நிக்கவும் செய்யும்."

"எனக்கு அஞ்சு வாரம் உண்டு."

"அஞ்சு வாரத்தில என்ன வேணும்?"

"ஒரு கிழவியத் தூக்கணும். ஒண்ணரை அரிசி மூட்டைக் கனம் வருவா."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, "அது நடக்காது ஆன்ட்டி," என்றாள்.

"பின்ன நீ என்னத்துக்கு இஞ்ச இருக்க?"

"கள்ளம் பறையாம இருக்க."

அவளை எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்தொரு நாளில் சரியாகும் என்று சொன்ன அண்ணன் மேல் கூட அவ்வளவு கோபம் வரவில்லை. இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அவளே பிரின்சியின் போனுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள். தூக்க முடியாது, ஆனால் தூக்காமல் மாற்றலாம், வந்தால் காட்டித் தருகிறேன் என்று.

போனேன். பயிற்சிகளை இங்கே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். ஆனால் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். விழுந்து வந்த நோவு, காய்ச்சலோடு வந்த நோவு, நெஞ்சு அடைப்போடு கையில் வருகிற நோவு, இதெல்லாம் வேறு. அதற்கு உடனே ஓட வேண்டும்.

முதலில் தோளுக்கு வெந்நீர்ச் சூடு. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, கெட்ட கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும். சுவரைப் பார்த்து நின்று விரலால் சுவரில் ஏற வேண்டும், எவ்வளவு போகுமோ அவ்வளவு. முழங்கையை இடுப்போடு வைத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து நல்ல கையால் கெட்ட கையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். கொஞ்சம் இளகின பிறகு, முதுகுக்குப் பின்னால் துவர்த்தைப் பிடித்து, குளித்துத் துவட்டுகிற மாதிரி இழுக்க வேண்டும். இழுப்பு தெரிய வேண்டும், உயிர் போகக் கூடாது. செய்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் நோவு அடங்கினால் சரி. மறுநாளும் நின்றால் கூடிப்போயிற்று, குறைக்க வேண்டும். சரிந்து படுக்கும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை. தினம் மூன்று வேளை. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. சத்தம் கேட்காது, பறக்கவும் முடியாது.

கிழவியை மாற்றுகிற முறைக்கு ஒரு கிழவி வேண்டுமே. ஷைனி பிரின்சியைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள்.

"உடம்ப விட்டுப் போடு. உனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியா?"

"அது எனிக்கு எளுப்பமாணு," என்றாள் பிரின்சி.

அவளுக்குக் கீழே விரித்த போர்வையைப் பிடித்துக் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்தேன். சரித்துப் படுக்க வைத்தேன். காலை முதலில் கட்டிலிலிருந்து இறக்கினேன். கால் இறங்கினால் உடம்பு தானாக எழும்புகிறது. இத்தனை வருஷமாக எனக்கு இது தெரியாது, கக்கத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு முண்டு வேட்டியைச் சுற்றி வலது கையால் பிடித்தேன். என் கால் முட்டால் அவள் கால் முட்டுக்கு அணை கொடுத்து, பின்னால் சாய்ந்தேன். என் உடம்பின் கனம் அவளை எழுப்பியது. அப்படியே திருப்பி நாற்காலியில் வைத்தேன்.

ஆறேழு முறை தப்பியது. ஒரு முறை இரண்டு பேரும் கட்டிலிலேயே விழுந்தோம்.

"கிழவி அடிக்கும் எண்ணல்லே மம்மி பறஞ்ஞது? அடிக்கட்டே?" என்று கேட்டு, போனால் என் தலையில் தட்டினாள்.

"நல்லா அடி. அவளுக்குக் கை பெலன் கூடுதல்."

இன்னொன்று அடித்தாள். அவளை நான் அதற்கு முன் கடைசியாகப் பிடித்தது விமான நிலைய வாசலில், அவளுடைய ஐந்தாவது வயதில். ஷைனி எதையோ எடுக்க வேண்டும் என்று சொல்லி வெளியே போனாள். திரும்பி வர நேரம் எடுத்துக்கொண்டாள்.

6

திரும்பிப் போகும்போது கை நெஞ்சு உயரம்வரை வந்தது.

விமான நிலையத்தில் சோதனை செய்யும் பெண் கையை மேலே தூக்கச் சொன்னாள். ஹிந்தி. வலது கையைத் தூக்கினேன். இரண்டையும் என்றாள். முடியாது என்று தமிழில் சொன்னேன், பிறகு மலையாளத்தில். அவள் சத்தம் கூட்டினாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினேன். அதை வாசிக்காமல் என் கையைப் பிடித்து அவளே தூக்கிப் பார்த்தாள். பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள். காகிதம் எழுதித் தந்த டாக்டரை விட அவளுக்கு அவள் கை பெரிது. எல்லா இடத்திலும் இப்படித்தான்.

குவைத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது என் அறையில் ஒரு நேபாளப் பெண் இருந்தாள். என் கட்டிலில் அவளுடைய பெட்டி. நல்ல தோள். அவள் எழுந்து நின்றாள், நான் உட்காரவில்லை.

வீட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு கிழவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நாற்காலியைக் காட்டினாள்.

போர்வையைப் பிடித்தேன். ஓரத்துக்கு இழுத்தேன். சரித்தேன். காலை இறக்கினேன். கிழவி எழும்பினாள். முண்டைச் சுற்றினேன். கிழவி என் காதைப் பிடித்துத் திருகினாள், விடவில்லை. காதோடு சேர்த்து எழுந்து, திரும்பி, நாற்காலியில் வைத்தேன். முன்பு ஒரு நிமிஷத்தில் செய்ததற்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்காரி என் இடது கையைக் காட்டித் தூக்கச் சொன்னாள். நெஞ்சுவரை தூக்கினேன். இவ்வளவுதான். பொய் சொல்ல வழியும் இல்லை.

அவள் போனை எடுத்துப் பேசினாள். போன் சொன்னது: "மெதுவாகச் செய்கிறீர்கள்." பிறகு இன்னொன்று பேசினாள். "என் அம்மா அழவில்லை."

கக்கத்தில் பிடித்துத் தூக்கும்போதெல்லாம் கிழவி கத்துவாள். இத்தனை வருஷமும் அது அவளுடைய குணம் என்று நினைத்திருந்தோம். அது நோவு.

சாயந்திரம் நேபாளப் பெண் பெட்டியோடு போனாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் எங்கேயோ ஓர் அறை வேண்டியிருக்கும். தெரிந்தும் கேட்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

அன்று முதல் மூன்று வேளைப் பயிற்சி. ஏழு மாதத்தில் கை கண் உயரம் வந்தது. பத்து மாதத்தில் தலைக்கு மேல். இன்னும் முழுசாக இல்லை. வலது கையைவிட ஒரு சாண் குறைவு.

7

போன வாரம் மயினி போன் செய்தாள். ஒரு வருஷத்தில் முதல் முறை.

"லீலா, எனக்கும் தோளு பிடிச்சிருக்கு. கொண்ட போட ஒக்கல்ல."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"அண்ணன் என்ன சொல்லுது?"

"வர்மமாம்."

"மயினிய ஆரு அடிச்சா?"

"ஆரும் அடிக்கல்ல. ஆட்டோவில ஏறும்போ கம்பி இடிச்சதுக்காக்கும்."

"நோவுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்ன," என்றாள்.

"கட்டியாச்சா?"

"ஒரு கட்டு ஏழு நாளு ஆச்சு. நாளைக்கு ரெண்டாமத்த கட்டு."

"முன்ன கை எதுவரைக்கும் வந்தது?"

"நெத்தி தொடுவேன்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்க வேண்டியதில்லை. வெங்காயம், பைபிள், ஒத்தக் கை, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. அவளும் அதைக் கேட்டிருப்பாள், போனில் நான் உம் கொட்டினது அப்படி. ஆனால் அவள் வைக்கவில்லை. கடைசியில் சொன்னாள்:

"நீ அவருட்ட ஒண்ணு சொல்லு மக்கா. நான் சொன்னா கேக்கமாட்டாரு. ஆசானுக்க பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனா நாட்டுக்காரு என்ன பறைவாங்கண்ணு கேக்காரு."

மக்கா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. மறுநாள் காலையில் அண்ணனுக்கு ஐந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. என் பெயர் தெரிந்தால் எடுக்க மாட்டார். பிரின்சியை அனுப்பினேன். அவள் போய் நின்று, இந்த முறை மாமனுக்கு முன்னால் சொன்னாள். மூன்று வாக்கியம் சொன்னாளாம். நாலாவது சொல்வதற்கு முன் வெளியே போகச் சொன்னாராம்.

ஆனால் இந்தப் பத்திரிகையை அண்ணன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிப்பார். பின் அட்டையில் அவருடைய சிகிச்சை அறை விளம்பரம் வருகிறது. அது சரியாக அச்சாகி இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவாவது கையில் எடுப்பார். அதனால்தான் போதகரம்மாவிடம் எழுதித் தருகிறேன் என்றேன். இது உங்கள் கைக்கு வரும்போது மூன்றாவது கட்டு நடந்துகொண்டிருக்கும்.

அண்ணா, மயினிக்கு எலும்பு ஒடியவில்லை. நீங்கள் எனக்குக் கட்டியதைக் கெட்ட எண்ணத்தில் கட்டினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவிழ்த்த அன்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். உங்களுக்கு அன்றைக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டு இரண்டாவது ஆளுக்கும் கட்டியிருக்கிறீர்கள். அவிழ்த்துவிடுங்கள். காரக்கோணத்துக்கு நீங்களே கூட்டிப்போனால் நல்லது. யாராவது கேட்டால் சர்க்கரை பார்க்கப் போனோம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் ஆகாது, அதையும் பார்க்கத்தான் வேண்டும். இழுக்க மட்டும் செய்யாதீர்கள்.

மயினி, இதை நீங்கள் தனியாக வாசியுங்கள். அண்ணன் இதற்கும் அனங்கவில்லை என்றால் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டாம். தையல் மெஷினின் இழுப்பறையில் துணி வெட்டுகிற கத்தரி இருக்கிறது. வலது கை உங்களுக்கு நன்றாகத்தானே இருக்கிறது.